கிழச் சிங்கங்களின் கச்சேரி

பாடகனுக்கு வயதாகிவிட்டால் அவன் என்ன செய்ய வேண்டும்? "மரியாதையாக வீட்டில் உட்கார்ந்து பேரன் பேத்திகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்க வேண்டும்" என்பது ஒரு கட்சி. "மூச்சு உள்ளவரையில் பாட வேண்டும், கேட்கிறவர்கள் கேட்கட்டும், மற்றவர்கள் எழுந்து போகட்டும்" என்பது எதிர்க் கட்சி. இந்த வழக்கு எல்லா ஸங்கீதத்துக்கும் பொதுவானதுதான். ஆனால் மேல்நாட்டு 'ராக்' ஸங்கீதத்தில் இது ஒரு விசேஷமான சங்கடமாக வந்து முடிந்திருக்கிறது. ஏனென்றால், அந்த ஸங்கீதம் பிறந்தபோதே இளைஞர்களுடைய ஸங்கீதமாகப் பிறந்தது. பிள்ளை துள்ளிக் குதிக்க வேண்டும், தகப்பனார் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்பதே அதன் முதல் இலட்சணமாக இருந்தது. அன்று துள்ளிக் குதித்த பிள்ளைகளுக்கு இப்போது எண்பது வயது ஆகிறது. குதிக்க வைத்த பாடகர்களுக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். அப்படியும் கச்சேரி நின்றபாடில்லை, கூட்டமும் குறைந்தபாடில்லை.

இந்த அதிசயத்தை, அது விளைந்த மண்ணிலேயே போய்ப் பார்த்துவிடுவது என்று 2025-ம் வருஷத்துக் குளிர்காலத்தில் இங்கிலாந்து தேசத்தின் இரண்டு பட்டணங்களுக்குப் பிரயாணமானோம். ஒன்று லிவர்பூல், மற்றொன்று பர்மிங்ஹாம். ராஜாக்களின் அரண்மனைகளைப் பார்க்கப் போகிறவர்கள் இந்த இரண்டு ஊர்களுக்கும் அவ்வளவாகப் போவதில்லை. ஒன்று கப்பல் துறை. மற்றொன்று தொழிற்சாலைப் பட்டணம். ஆனால் ராக் ஸங்கீத ரஸிகர்களுக்கு இவை இரண்டும் க்ஷேத்திரங்கள்.

செங்கல் குகை

லிவர்பூல், மெர்ஸி நதி கடலோடு கலக்கும் இடத்தில் இருக்கிறது. நதிக்கரையில் காற்று ஆளைத் தள்ளுகிறது. அந்தக் காற்றில் சற்றும் அசையாமல் நாலு இளைஞர்கள் நடந்து போகிறார்கள். நாலு பேரும் வெண்கலத்தினால் ஆனவர்கள். ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிஸன், ரிங்கோ ஸ்டார் என்னும் 'பீட்டில்ஸ்' கோஷ்டியாருக்கு 2015-ம் வருஷத்தில் இந்தச் சிலைகளை வைத்தார்கள். வெண்கலத்துக்கு வயதாவதில்லை. மனிதர்களின் கதையோ வேறு. லெனன் 1980-ல் நியூயார்க்கில் சுடப்பட்டு மாண்டார். ஹாரிஸன் 2001-ல் நோய்வாய்ப்பட்டுக் காலமானார். மெக்கார்ட்னியும் ஸ்டாரும் எண்பதைத் தாண்டிய பிறகும் ஊர் ஊராகச் சென்று, 2025-ம் வருஷத்திலுங்கூட மேடை ஏறினார்கள்.

நதிக்கரையிலிருந்து சிறிது தூரம் நடந்தால் மாத்யூ தெரு வருகிறது. நம் ஊர்ச் சந்துகளுக்குச் சளைக்காத குறுகலான தெரு. அங்கேதான் 'காவர்ன்' என்று பெயர் பெற்ற கீதசாலை இருக்கிறது. காவர்ன் என்றால் குகை. பெயர் பொருத்தந்தான். படிக்கட்டு வழியாகப் பூமிக்குள்ளே இறங்கினால், செங்கல் வளைவுகளுக்கு நடுவே ஒரு சின்னஞ்சிறு மேடை. 1957-ம் வருஷம் ஜனவரி மாதம் 'ஜாஸ்' ஸங்கீதத்துக்காக இதைத் திறந்தார்கள். 1961 முதல் 1963 வரையில் பீட்டில்ஸ் கோஷ்டியார் முந்நூறு தடவைக்குச் சற்றுக் குறைவாக இங்கே பாடியிருக்கிறார்கள். பிறகு, 1973-ல் நிலத்தடி ரயில் பாதைக்கு ஒரு காற்றுத் துவாரம் வேண்டும் என்று சொல்லி, இந்தக் குகையையே மூடித் தூர்த்துவிட்டார்கள். கடைசியில் காற்றுத் துவாரமும் வரவில்லை! பதினொரு வருஷத்துக்கு அப்பால், 1984-ல், தோண்டி எடுத்த பழைய செங்கற்கள் பலவற்றைக் கொண்டே பழைய இடத்தின் பெரும் பகுதியில் திரும்பக் கட்டினார்கள். ஆகவே இது பழைய குகையா, புதிய குகையா என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். "கிழப் பாடகர்களும் இப்படித்தான், பழைய செங்கல், புதிய சுண்ணாம்பு" என்றார், வாசலில் நின்றிருந்த ஒரு பெரியவர்.

அந்தப் பெரியவர் கப்பல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரோடு ஒரு மூதாட்டியும், கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்ணும் இருந்தார்கள். மூவருக்கும் ஒருவரை ஒருவர் முன்பின் தெரியாது. ஆனாலும் ராக் ஸங்கீத ரஸிகர்கள் இருவர் சந்தித்தால் அறிமுகம் தேவையில்லை, வாக்குவாதமே அறிமுகம். "வயதான பிறகு இவர்கள் பாடத்தான் வேண்டுமா?" என்று நாம் ஒரு கேள்வி போட்டதுதான் தாமதம், மூவரும் பிடித்துக்கொண்டார்கள்.

மூதாட்டி சொன்னார்: "1962-ல் நான் ஓர் ஆபீஸில் டைப் அடிக்கும் வேலையில் இருந்தேன், ஐயா. மத்தியானச் சாப்பாட்டு வேளையில் இங்கே ஓடி வந்துவிடுவேன். சுவரெல்லாம் வேர்வை வழியும். சாயங்காலம் பஸ்ஸில் போகும்போது, என் உடுப்பை முகர்ந்து பார்த்தே 'காவர்னுக்குப் போனாயா?' என்று கண்டுபிடித்துவிடுவார்கள். 2018-ம் வருஷம் ஜூலை மாதத்தில் பால் மெக்கார்ட்னி இங்கே திரும்ப வந்து பாடினார். அவருக்கு அப்போது 76 வயது. எனக்கு உள்ளே இடம் கிடைக்கவில்லை, தெருவிலே நின்றேன். அவருடைய குரல் மெலிந்துவிட்டது என்கிறார்கள். வாஸ்தவந்தான். என் முழங்கால் மட்டும் 1962-ல் இருந்த முழங்காலா என்ன?"

துறைமுகத்துப் பெரியவர் தலையை ஆட்டினார். "அம்மா, உங்களைவிட எனக்கு அவர்மேல் அன்பு குறைவல்ல. அன்பு இருப்பதனாலேதான் நான் போவதில்லை. அந்தக் குரல் என் காதில் எப்படிப் பதிந்திருக்கிறதோ அப்படியே இருக்கட்டும். மேல் ஸ்தாயியை எட்டுவதற்கு அவர் திணறினால், அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க எனக்குச் சக்தி இல்லை. என் வீட்டில் இசைத்தட்டு இருக்கிறது, அது போதும்."

இந்த வார்த்தையை நாம் இலேசாகத் தள்ளிவிட முடியவில்லை. கச்சேரிக்குப் போகாதவன் ரஸிகன் அல்ல என்று யார் சொல்ல முடியும்?

கல்லூரிப் பெண் அதுவரையில் பேசாமல் இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "உங்கள் இரண்டு பேருக்கும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு ஞாபகம் இருக்கிறது. எனக்கு அது இல்லை. இசைத்தட்டில் நான் கேட்கும் இளைஞர் எனக்கு ஒரு சரித்திர புருஷர். மேடையிலே பாடுகிறவர்தான் எனக்கு மனிதர். எனக்கு அவர் ஒருவரைத்தான் தெரியும்."

முப்பத்தொரு வயதில் போன குரல்

குரல் கெடுவதற்கு முதுமைதான் வேண்டும் என்பதில்லை. லிவர்பூலின் வேவர்ட்ரீ பகுதியில் ஆர்னால்ட் குரோவ் என்ற முட்டுச் சந்து ஒன்று இருக்கிறது. அதிலுள்ள 12-ம் எண் வீட்டில் 1943-ல் ஜார்ஜ் ஹாரிஸன் பிறந்தார். ஒட்டியொட்டிக் கட்டிய சிறு வீடுகளில் ஒன்று. அந்த வாசலில் நின்றபோது நமக்கு நம் தேசத்தின் நினைவு வந்ததில் ஆச்சரியமில்லை. ஹாரிஸன், பண்டிட் ரவிசங்கரிடம் சிதார் பயின்றவர் அல்லவா? 1974-ம் வருஷத்தின் கடைசி மாதங்களில் அவர் வட அமெரிக்காவில் யாத்திரையாகக் கச்சேரி செய்தபோது ரவிசங்கரையும் ஒரு பெரிய இந்திய கோஷ்டியையும் தம்மோடு மேடையேற்றினார். அந்தக் கோஷ்டியில் பிடில் வித்வான் எல். சுப்பிரமணியமும், பாட்டிலும் மிருதங்கத்திலும் வல்லவரான டி. வி. கோபாலகிருஷ்ணனும் இருந்தார்கள் என்பதை நம் நேயர்களில் பலர் அறிந்திருக்கமாட்டார்கள்.

அந்த யாத்திரை முழுவதும் ஹாரிஸனுடைய தொண்டை கட்டிக்கொண்டு கரகரவென்றுதான் இருந்தது. பத்திரிகை விமரிசகர்கள் பரிகாசம் செய்தார்கள். பீட்டில்ஸ் காலத்துப் பாட்டுக்களையே எதிர்பார்த்து வந்த ரஸிகர்கள் பலர் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். அப்போது அவருக்கு வயது 31-தான்! இன்று எண்பது வயதுக் கிழவரின் கரகரப்புக்கு எழுந்து நின்று கை தட்டுகிறார்கள். அன்று முப்பத்தொரு வயது இளைஞரின் கரகரப்பை மன்னிக்க மனமில்லை. அப்படியானால் ரஸிகர்களின் காது எங்கே இருக்கிறது? அது தொண்டையை மட்டும் கேட்பதில்லை என்பது தெரிகிறது.

இன்னோர் உதாரணம். பாப் டைலன் 1966-ம் வருஷம் மே மாதம் 14-ந் தேதி இதே லிவர்பூலில் பாடினார். மூன்று நாள் கழித்துப் பக்கத்திலுள்ள மான்செஸ்டரில் பாடியபோது, நாட்டுப் பாடலை விட்டுவிட்டு மின்சார கிட்டாரை அவர் எடுத்ததற்காக, சபையிலிருந்து ஒருவர் "யூதாஸ்!" என்று கத்தினார். அந்தக் கூச்சலுக்கு இன்று வரையில் டைலன் அஞ்சவில்லை. 2016-ல் நோபெல் பரிசு வந்தது. எண்பது வயதுக்கு மேலும் மேடை ஏறிக்கொண்டிருந்தார். எந்தப் பழைய பாட்டையும் பழைய மெட்டில் பாடுவதில்லை. பல்லவி பாதி தாண்டும் வரையில் எந்தப் பாட்டு என்பதே ரஸிகர்களுக்கு விளங்குவதில்லை! "பணம் கொடுத்து ஏமாந்தோம்" என்று வருத்தப்படுகிறவர்களும் உண்டு. "இன்றைக்குத்தான் அந்தப் பாட்டு புதிதாகப் பிறந்தது" என்று பூரித்துப் போகிறவர்களும் உண்டு. ஒரே பாடத்தை இருபது வருஷமாக வகுப்பில் சொல்லிக் கொடுத்துவரும் நமக்கு டைலனுடைய கஷ்டம் ஒருவாறு விளங்குகிறது. வருஷந்தோறும் ஒரே மாதிரி சொன்னால் பாடம் செத்துப் போகிறது. மாற்றிச் சொன்னால் பையன்கள் விழிக்கிறார்கள்.

கால்பந்து மைதானத்தில்

லிவர்பூலில் ராக் வித்வான்கள் பெரிய கச்சேரி செய்வது ஆன்பீல்ட் என்ற கால்பந்து மைதானத்தில். ஆட்டம் பார்க்க ஏறக்குறைய 61,000 பேர் உட்காரக்கூடிய இடம். 2022-ம் வருஷம் ஜூன் மாதம் 9-ந் தேதி 'ரோலிங் ஸ்டோன்ஸ்' கோஷ்டியார் இங்கே பாடினார்கள். லிவர்பூலுக்கு அவர்கள் வந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. முக்கியப் பாடகர் மிக் ஜாக்கருக்கு அப்போது 78 வயது. 2019-ல் இருதயத்தில் ரண சிகிச்சை செய்துகொண்டு, சில வாரங்களுக்குள் மேடையில் ஓடத் தொடங்கிய மனிதர் அவர். 1963 முதல் கோஷ்டிக்கு டிரம் வாசித்த சார்லி வாட்ஸ் 2021-ல் காலமாகிவிட்டார். அவருடைய இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். அன்று, ஊருக்கு மரியாதையாக, லெனனும் மெக்கார்ட்னியும் இயற்றிக் கொடுத்து 1963-ல் தாங்கள் பாடிய ஒரு பாட்டை ஸ்டோன்ஸ் கோஷ்டியார் பாடினார்கள்.

அடுத்தபடியாக 2025-ம் வருஷம் ஜூன் மாதம் 4, 7 தேதிகளில் அமெரிக்கரான புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் இந்த மைதானத்துக்கு வந்தார். அவருக்கு வயது 75. அந்த யாத்திரையில் அவர் ஒவ்வோர் ஊரிலும் தம் தேசத்து அரசாங்கத்தைக் கடுமையாகக் கண்டித்துப் பேசினார். "பாட்டுக் கேட்க வந்தோமா, பிரசங்கம் கேட்க வந்தோமா?" என்று சிலர் முகம் சுளித்தார்கள். "இவர் நாற்பது வருஷமாகப் பாடிய பாட்டுக்களின் அர்த்தமே அதுதானே!" என்று மற்றவர்கள் பதில் சொன்னார்கள். தம் தேசத்தின்மேல் உள்ள பற்றினாலேயே தம் தேசத்தைக் கண்டிக்க ஒருவர் துணிவது நமக்கு அந்நியமான காரியம் அல்ல.

இரண்டாவது நாள் கச்சேரியின் முடிவில் ஒரு விருந்தாளி மேடைக்கு வந்தார். 83-ம் பிறந்த நாளுக்கு இன்னும் பதினொரு நாள் இருந்த பால் மெக்கார்ட்னிதான். இரண்டு கிழவர்களும் சேர்ந்து இரண்டு பாட்டுப் பாடினார்கள். அன்று அங்கே இருந்த ஒரு பஸ் டிரைவர் நம்மிடம் சொன்னார்: "சத்தியமாகச் சொல்கிறேன், அவர்கள் எப்படிப் பாடினார்கள் என்று எனக்குத் தெரியாது. எங்கள் கூச்சலில் ஒன்றும் காதில் விழவில்லை. நாங்கள் எல்லோரும் சேர்ந்து பாடினோம். அவர்களுக்கு எட்டாத இடத்தையெல்லாம் நாங்கள் எட்டினோம்."

இதுதான் விஷயம். கிழப் பாடகரின் கச்சேரியில் பாதிப் பாட்டு மேடையில் இருக்கிறது. மீதிப் பாதி சபையில் இருக்கிறது. பாடகர் விட்ட ஸ்வரத்தைச் சபை எடுத்துக்கொள்கிறது.

நிற்க. இந்த அன்புக்கு ஓர் எல்லையும் உண்டு. அந்த எல்லையின் பெயர் பணம். 2022-ல் ஸ்பிரிங்ஸ்டீனுடைய அமெரிக்க யாத்திரைக்கு டிக்கட் விற்றபோது, கிராக்கிக்குத் தகுந்தபடி விலை ஏறும் முறையைக் கையாண்டார்கள். சில இடங்களின் விலை 4,000, 5,000 டாலர் வரையில் போயிற்று. தொழிலாளிகளின் கஷ்டத்தைப் பாடிப் பெயர் பெற்றவருடைய கச்சேரிக்குத் தொழிலாளி போக முடியாத விலை! அவருடைய ரஸிகர்களுக்காகவே 1980-ல் தொடங்கி நடந்துவந்த 'பாக்ஸ்ட்ரீட்ஸ்' என்ற பத்திரிகை, மனம் கசந்து, 2023-ல் தன்னை மூடிக்கொண்டது. நாற்பத்து மூன்று வருஷ காலப் பத்திரிகை! அந்த ரஸிகர்கள் குரல் போனதற்காக விலகவில்லை. விலை ஏறியதற்காக விலகினார்கள். அதே வருஷத்தில் 'கியூர்' என்ற கோஷ்டியின் தலைவர் ராபர்ட் ஸ்மித், டிக்கட்டின்மேல் சேர்த்த அதிகக் கட்டணத்தை எதிர்த்துப் பகிரங்கமாகச் சண்டை போட்டு, ரஸிகர்களுக்குக் கொஞ்சம் பணத்தைத் திருப்பி வாங்கிக் கொடுத்தார். தொகை என்னமோ சொற்பந்தான். ஆனால் ரஸிகர்கள் அதை இன்னும் நன்றியோடு பேசுகிறார்கள்.

முதுமையை மறைக்க விஞ்ஞானமும் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறது. 2022 மே மாதம் முதல், லண்டனில் இதற்கென்றே கட்டிய மண்டபத்தில், 'ஆபா' கோஷ்டியார் நால்வரும் பழைய வாலிபத்தோடு ஒளி உருவங்களாகத் தோன்றுகிறார்கள். வாத்தியக்காரர்கள் மட்டும் நிஜம். ஜனங்கள் ஆனந்தமாகப் போகிறார்கள். இது ஏமாற்று அல்ல; சொல்லிவிட்டுத்தானே காட்டுகிறார்கள்? ஆனால் மெக்கார்ட்னி செய்தது வேறு விதம். 2022-ல் தம் எண்பதாவது பிறந்த நாளுக்கு ஒரு வாரம் கழித்து கிளாஸ்டன்பரி விழாவில் பாடியபோது, 1969-ல் பிடித்த சலனப் படத்திலிருந்து லெனனுடைய உருவத்தையும் குரலையும் மட்டும் பிரித்தெடுத்து, அதனோடு சேர்ந்து பாடினார். திரையிலே 28 வயது நண்பர். திரைக்கு முன்னே 80 வயது நண்பர். தம்முடைய இளமை உருவத்தை அவர் காட்டவில்லை. இறந்தவருக்குத்தான் இளமை, இருப்பவருக்கு நரையும் சுருக்கமும். இதைப் பற்றிக் கேட்டபோது, காவர்ன் வாசலில் பார்த்த அந்தத் துறைமுகத்துப் பெரியவர்கூட, "அதை மட்டும் பார்த்தேன். வீட்டில் டெலிவிஷனில்தான்" என்று ஒப்புக்கொண்டார். மேலே அவர் பேசவில்லை.

ஸிம்மாசனத்தில் ஒரு விடை

லிவர்பூலிலிருந்து பர்மிங்ஹாமுக்கு ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கடல் காற்று மறைந்து, செங்கல் கட்டிடங்களும் கால்வாய்களும் வருகின்றன. இந்த ஊரின் ஆஸ்டன் பகுதியிலே, தொழிலாளிகளின் பிள்ளைகள் நாலு பேர் 1968-ல் ஒரு கோஷ்டி அமைத்தார்கள். அதுவே பிற்பாடு 'பிளாக் ஸாபத்' என்று பெயர் பெற்றது. அதன் பாடகரான ஆஸி ஆஸ்பர்ன், ஆடு மாடு வெட்டும் இடத்திலும் மோட்டார் ஹாரன் செய்யும் தொழிற்சாலையிலும் வேலை பார்த்தவர். கிட்டார் வாசித்த டோனி அயோமிக்குப் பதினேழாவது வயதில் தகட்டுத் தொழிற்சாலை இயந்திரத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன. அவர் இடது கைப் பழக்கம் உள்ளவர். ஆகையால் தந்தியை அழுத்த வேண்டிய கையே அந்த வலது கைதான். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல்களுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டார். அழுத்த வலிக்காமல் இருக்கத் தந்திகளைத் தளர்த்தினார். சுருதி இறங்கிற்று. உலகம் 'ஹெவி மெட்டல்' என்று பின்னால் பெயர் வைத்த அந்தக் கனத்த நாதத்துக்கு இதுவும் ஒரு காரணம். ஊனத்திலிருந்து பிறந்த ஸங்கீதம் அது.

ஆஸ்பர்னுக்கு நரம்பைத் தளர்த்தும் 'பார்க்கின்ஸன்' நோய் வந்திருக்கிறது என்பது 2020-ல் வெளியாயிற்று. 2023-ல், இனி யாத்திரை செய்ய முடியாது என்று அறிவித்தார். ஆனால் பிறந்த ஊரில் விடை பெறாமல் போக மனம் வரவில்லை. 2025-ம் வருஷம் ஜூலை மாதம் 5-ந் தேதி, ஆஸ்டனில் உள்ள வில்லா பார்க் மைதானத்தில், 2005-க்குப் பிறகு முதல் தடவையாகப் பழைய நால்வரும் ஒன்று சேர்ந்தார்கள். ஒரு கறுப்பு ஸிம்மாசனத்தில் உட்கார்ந்தபடியே ஆஸ்பர்ன் மேடைக்குக் கீழிருந்து எழுந்து வந்தார். அந்த ஆசனத்தை விட்டு அவரால் எழுந்து நிற்க முடியவில்லை. முதலில் ஐந்து பாட்டு, பிறகு பழைய கோஷ்டியோடு நாலு பாட்டு, ஆக ஒன்பது பாட்டுப் பாடினார். கச்சேரி வரும்படி பார்க்கின்ஸன் நோய் ஆராய்ச்சிக்கும், அந்த ஊரிலுள்ள இரண்டு குழந்தை வைத்திய ஸ்தாபனங்களுக்கும் என்று ஏற்பாடு. பதினேழு நாள் கழித்து, ஜூலை 22-ந் தேதி, தமது 76-ம் வயதில் ஆஸ்பர்ன் காலமானார்.

நகரத்தின் நடுவே பிராட் தெருவில், கால்வாயின்மேல் ஒரு பாலம் இருக்கிறது. அந்தப் பாலத்துக்கே கோஷ்டியின் பெயரை வைத்திருக்கிறார்கள். நாலு பேருடைய முகங்களோடு ஓர் இரும்பு பெஞ்சும் உண்டு. ஜூலை 30-ந் தேதி சவ ஊர்வலம் இந்தப் பாலத்தின் வழியாகவே போயிற்று. நாம் சென்ற குளிர்கால மாலையில் அங்கே அப்பனும் பிள்ளையுமாக இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். இருவரும் மோட்டார் ரிப்பேர் வேலைக்காரர்கள். இருவரும் அந்தக் கடைசிக் கச்சேரிக்குப் போனவர்கள்.

"நான் அப்பாவோடு சண்டை போட்டேன், ஐயா," என்றான் மகன். "நடக்க முடியாதவரைக் கொண்டுவந்து மேடையில் உட்கார வைப்பது கொடுமை என்று சொன்னேன்."

"இப்போது?" என்று கேட்டோம்.

"யாரும் அவரைக் கொண்டுவந்து வைக்கவில்லை. அவராகத்தான் வந்தார். முகத்தைப் பார்த்தபோது தெரிந்தது. குரல் பல இடத்தில் தவறிற்று. அவர் அதை மறைக்கவில்லை. எங்களுக்கும் மறைக்கத் தோன்றவில்லை. பக்கத்தில் இருந்தவர்களெல்லாம் அழுதார்கள்."

தகப்பனார் பெஞ்சைத் தடவிக்கொண்டே சொன்னார்: "அவருக்கு நிற்க முடியவில்லை. நாங்கள் நாற்பதினாயிரம் பேர் நின்றோம். கணக்குச் சரியாகிவிட்டது."

கிழப் பாடகர்கள் ஓய்வு பெற வேண்டுமா, பாட வேண்டுமா என்ற வழக்குக்கு இனி நம்மால் தீர்ப்புச் சொல்ல முடியும் என்று தோன்றுகிறது. ரஸிகர்கள் போன குரலை மன்னிக்கிறார்கள். நடுங்கும் கையை மன்னிக்கிறார்கள். பாதியில் மறந்த வரியைத் தாங்களே எடுத்துக் கொடுக்கிறார்கள். அவர்கள் மன்னிக்காதவை இரண்டே இரண்டு: தங்களை முட்டாளாக்குவது, தங்களைக் கொள்ளையடிப்பது. முதுமையை முதுமையாகவே கொண்டுவந்து சபையில் வைக்கிற பாடகனுக்கு மேடை என்றும் திறந்திருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து பழைய இசைத்தட்டைக் கேட்கும் பெரியவருடைய உரிமையும் இதனால் குறையவில்லை. பாடகன் கிழவனாவதை ரஸிகர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நாம் நினைத்துப் போனோம். அவர்கள் கூடவே கிழவர்களாகிக்கொண்டிருக்கிறார்கள். தனியாக ஆகவில்லை என்ற ஆறுதலுக்காகத்தான் டிக்கட் வாங்குகிறார்கள்.